ராணுவ மருத்துவ மாணவி நான், சர்ஜன் ஆக வேண்டும்: யூனிட்டில் கழியும் வருஷங்களில் கை மழுங்கிவிடுமா?

கோவில்பட்டி_கேடட் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம்.

எங்கள் வீட்டில் ஆச்சி, அம்மா இரண்டு பேருக்கும் தீப்பெட்டி வேலை. ஆச்சி குச்சி அடுக்குவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சட்டத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, ஒரு பிடி குச்சியை அள்ளி, பள்ளத்துக்கு ஒன்றாக விரலால் தள்ளிக்கொண்டே எதிர்வீட்டு அத்தையிடம் ஊர்க்கதை பேசுவாள். கண் ஒரு தடவைகூடக் கீழே போகாது. போன வருஷம் சர்ஜரி வார்டு போஸ்டிங்கில் முதன்முதலாக ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன். ஒரு ஜவானுக்குக் குடலிறக்க ஆபரேஷன். என் கையில், வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கிற ரிட்ராக்டரைக் கொடுத்து, இப்படியே பிடி என்றார்கள். சர்ஜன் உள்ளே ஆழத்தில் விரல் நுனியை மட்டும் விட்டு முடிச்சுப் போட்டார். அவர் பார்வை அப்போது வேறெங்கோ இருந்தது. எனக்கு ஆச்சியின் விரல்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், நான் சர்ஜன் ஆக வேண்டும்.

பிரச்சினை இதுதான். இன்டர்ன்ஷிப் முடிந்ததும் லக்னோவில் அடிப்படைப் பயிற்சி. அதன் பிறகு ஏதாவது ஒரு யூனிட்டில் ஆர்.எம்.ஓ.வாகவோ (யூனிட்டின் டாக்டர்) ஃபீல்டு ஆஸ்பத்திரியிலோ இரண்டு மூன்று வருஷம் போகும் என்கிறார்கள். அதற்கப்புறம்தான் எம்.எஸ்., அதாவது சர்ஜரியில் மேற்படிப்பு. என் பள்ளித் தோழி ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். இன்டர்ன்ஷிப் முடிந்த கையோடு மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. எழுதப் போகிறாள். அவள் எம்.எஸ். முடிக்கிற சமயத்தில் நான் சேர்ந்திருந்தாலே பெரிய விஷயம். அத்தனை நாள் காய்ச்சல் மாத்திரையும் சுளுக்குக்குக் கட்டும் போட்டுக்கொண்டிருந்தால் கையில் என்ன மிஞ்சும்?

வீட்டில் சர்ஜன் என்று யாரும் கிடையாது, டாக்டர் என்றே யாரும் கிடையாது. கேட்க ஆள் இல்லாமல்தான் இங்கே கேட்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் மனசில் பட்டதைச் சொல்லுங்கள்.


எம்.ஐ.ரூம்_கேப்டன் பதில்:

தங்கச்சி, நான் உனக்கு ஐந்து பேட்ச் சீனியர். இப்போது ஒரு காலாட்படை யூனிட்டில் ஆர்.எம்.ஓ. இடம் சொல்ல முடியாது. உயரம் பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல்.

காலை எட்டு மணிக்கு எம்.ஐ. ரூமில் (யூனிட்டின் மருத்துவப் பரிசோதனை அறை) வரிசை நிற்கும். பதினைந்து இருபது பேர். முதுகு வலி, கணுக்கால் சுளுக்கு, ஈர சாக்ஸில் வந்த படர்தாமரை, தூக்கமில்லை, வீட்டில் பிரச்சினை. நான் இந்த 16 மாதத்தில் கத்தி எடுத்தது சீழ்க்கட்டி கீற, கால் நக ஓரம் வெட்ட, கிழிந்த காயம் தைக்க, அவ்வளவுதான். கை துருப்பிடிக்கிறது என்பது உண்மை. இல்லை என்று சொன்னால் உன்னை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

படிப்பு விஷயம்: இங்கே நெட்வொர்க் வரும், போகும். லீவில் ஊருக்குப் போகும்போதே கேள்வி வங்கி, வகுப்பு வீடியோ எல்லாம் இறக்கிக்கொண்டு வந்துவிடுவேன். ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை என் நேரம். ஜெனரேட்டர் நின்றால் ஹெட்லேம்ப். நடுவில் எவனாவது மூச்சு முட்டுகிறது என்று வந்தால் அன்றைக்குப் படிப்பு அவ்வளவுதான். ஹாப்போ என்றால் (உயரத்தில் நுரையீரலில் நீர் கோப்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஆக்சிஜன் வைத்து, கீழே இறக்குகிற வரை பக்கத்தைவிட்டு நகர முடியாது.

எனக்கும் ஆர்த்தோவோ சர்ஜரியோ வேண்டும். ரேங்க் வர வேண்டும். என் அறிவுரை ஒன்றே ஒன்று: பி.ஜி. பரீட்சைக்கான அடித்தளத்தை மூன்றாம் ஆண்டிலேயே போட்டுவிடு. யூனிட்டுக்கு வந்து புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ரொம்பத் திணறுகிறார்கள். திருப்பிப் பார்க்க மட்டும்தான் இங்கே நேரம் கிடைக்கும்.


ஓய்வுபெற்ற_சர்ஜன் பதில்:

மகளே, நான் பாளையங்கோட்டைக்காரன். 1981-இல் உன் கல்லூரியில் சேர்ந்தவன். சர்வீஸின் பெரும்பகுதி ஜெனரல் சர்ஜனாகவே போனது. இப்போது ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று நாள் ஆபரேஷன் செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கேப்டன் தம்பி சொன்னது சரி. கை மழுங்கும். ஆனால் மழுங்கிய கை திரும்பி வந்துவிடும். எம்.எஸ்.ஸில் முதல் ஆறு மாதம் ராத்திரி டியூட்டி பார்த்தால் போதும். சிவிலிலிருந்து நேராக வந்தவனுக்கும் யூனிட்டிலிருந்து வந்தவனுக்கும் முடிச்சில் வித்தியாசம் தெரியாது. இதை நான் பேட்ச் பேட்சாகப் பார்த்திருக்கிறேன். யாரைத் திறக்க வேண்டும், யாரைக் காத்திருக்க வைக்கலாம், யாரை இந்த நிமிஷமே அனுப்ப வேண்டும் என்கிற நிதானத்தைத்தான் எம்.எஸ். முடித்தும் பலபேர் பிடிக்க முடிவதில்லை. எனக்கு அது ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) கிடைத்ததல்ல. ஒரு பங்கரில் கிடைத்தது.

1988 குளிர்காலம். நான் ஆர்.எம்.ஓ. ஒரு சிப்பாய், 22 வயது, ராத்திரி சாப்பிட்டதும் தொப்புளைச் சுற்றி வலி என்றான். விடியும்போது வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. அப்பெண்டிக்ஸ்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே பனி கொட்டுகிறது. ஹெலிகாப்டர் வராது, ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கவும் வழி இல்லை. என்னிடம் இருந்தது கொஞ்சம் ட்ரிப் பாட்டில், ஆம்பிசிலின், ஜென்டாமைசின், மெட்ரோனிடசோல், ஒரு நர்சிங் அசிஸ்டென்ட். வாய் வழியாக ஒன்றும் கொடுக்கவில்லை. ட்ரிப் பாட்டில் உறைந்துவிடாமல் இருக்க, அடுத்து ஏற்ற வேண்டியதை என் தூக்கப்பைக்குள் வைத்துச் சூடாக்கினேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் தடவை தொட்டதும் வயிறு பலகையாக இறுகியது. அப்பெண்டிக்ஸ் உடைந்தேவிட்டது, பையன் போய்விடுவான் என்று எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நர்சிங் அசிஸ்டென்ட் வயசாளி, கேரளத்துக்காரர். என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கை சூடேறிய பிறகு மறுபடி தொட்டேன். வயிறு மெத்தென்று இருந்தது. வலது பக்கம் ஒரே ஒரு இடத்தில் மட்டும்தான் வலி. என் கைக் குளிருக்குச் சுருங்கிய வயிற்றை நோயால் இறுகிய வயிறு என்று நினைத்திருக்கிறேன்! அன்றிலிருந்து கையைத் தேய்த்துச் சூடாக்காமல் நான் எவர் வயிற்றையும் தொட்டதில்லை. இப்போது பாளையங்கோட்டை வெயிலிலும் அப்படித்தான்.

ஒரு சிகரெட் அட்டையின் உட்புறத்தில் மணி, நாடி, காய்ச்சல், வலி இருக்கிற இடம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டாவது ராத்திரி நாடி 96-லிருந்து 118-க்குப் போனது. வலியும் கொஞ்சம் பரவியது. இதற்கு மேல் தாங்காது என்று ரேடியோவில் விடாமல் கேட்டேன். மூன்றாம் நாள் காலையில் மேகம் ஒரு அரைமணி நேரம் விலகியது. சீட்டா ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போனது. அப்பெண்டிக்ஸ் உடைந்துதான் இருந்தது, ஆனால் வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்புத் திரை வந்து போர்த்தி மூடியிருந்ததால் சீழ் பரவவில்லை. பையன் பிழைத்தான். பிறகு லீவில் இறங்கும்போது அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். என் சிகரெட் அட்டையை சர்ஜன் அதோடு பின் போட்டு வைத்திருந்தார்.

பத்து வருஷம் கழித்து 1999, கார்கில் போர். அப்போது நான் எம்.எஸ். முடித்த கிரேடட் ஸ்பெஷலிஸ்ட் (ராணுவ ஸ்பெஷலிஸ்ட்டின் முதல் படி), வடக்கே ஒரு முன்னணி ஆஸ்பத்திரியில். வந்த காயங்களில் பெரும்பாலானவை ஷெல் சிதறல். தோலில் ஓட்டை ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். திறந்தால் உள்ளே சதை கூழாகிக் கிடக்கும், கம்பளித் துணியும் மண்ணும் கலந்து. செத்த சதையைக் கண்டுபிடிக்க நாலு சோதனை உண்டு: நிறம் எப்படி, அழுத்தினால் உறுதியாக இருக்கிறதா, இடுக்கியால் கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா. நாலிலும் தோற்றதை வெட்டி எறிய வேண்டும். அப்புறம் காயத்தைத் தைக்கக் கூடாது. துணி வைத்துத் திறந்தபடியே விட்டு, நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால்தான் மூட வேண்டும். புத்தகத்தில் இது ஒரு வரி. ஆனால் இருபது வயசுப் பையனின் தொடை பிளந்து கிடக்கும்போது அதை அழகாகத் தைத்து மூடிவிடத்தான் கை துடிக்கும். துடிக்கிற கையை நிறுத்திவைக்கிற பழக்கம் எனக்குப் பங்கரில்தான் வந்தது.

சரி, கசப்பான பக்கத்தையும் சொல்கிறேன்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். ஒரு ஊரில் லேப்ரோஸ்கோபி (சின்னத் துளை வழி ஆபரேஷன்) டீம் ஒன்றைக் கட்டி எழுப்பியிருப்பாய், அடுத்த ஊரில் கருவியே இருக்காது. அமைதிக் காலத்தில் சின்ன ராணுவ ஆஸ்பத்திரிகளில் குடலிறக்கம், விரைவீக்கம், மூலம், பித்தப்பை, இவைதான் திரும்பத் திரும்ப வரும். ஜவான், அவன் மனைவி, பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள். அவர்களுக்கு நல்லபடியாகச் செய்வது பெரிய வேலை, எனக்கு அதில் மனநிறைவு உண்டு. ஆனால் ஒரே உறுப்பில் ஆயிரம் ஆபரேஷன் செய்து பெயர் வாங்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த வாழ்க்கை ஒத்துவராது. கிரேடட், கிளாசிஃபைடு, சீனியர் அட்வைசர் என்று படியேறுவது ஒரு பக்கம். மறுபக்கம் ரேங்க் கூடக்கூட நிர்வாகம் வந்து கழுத்தைப் பிடிக்கும். பிரிகேடியர் ஆன என் நண்பர்கள் பலருக்கு ஓ.டி.க்கு வருவதே அபூர்வமாகிவிட்டது. நல்ல கைகள். எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்தான்.

நிரந்தர கமிஷனா, குறுகிய கால கமிஷனா என்பதை இப்போது மண்டையில் ஏற்றிக்கொள்ளாதே. ஆனால் ஒன்று செய்: பி.ஜி.க்கான தகுதி, அதற்குப் பிறகான சேவைக் கடமை பற்றி உன் பேட்சுக்கு வருகிற ஆணையை நீயே வரிக்கு வரி வாசி. விதி மாறிக்கொண்டே இருக்கும். சீனியர் வாய்மொழியாகச் சொல்வது அவர் காலத்து விதி.

உன் கல்லூரிக்குக் கொஞ்ச தூரத்தில்தான் செயற்கை அவயவ மையம் இருக்கிறது, 1944-லிருந்து. அனுமதி வாங்கி ஒரு சனிக்கிழமை போய் உட்கார். முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவன் நடப்பதையும், மேலே எடுக்கப்பட்டவன் நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் பார். வெட்டுகிற இடத்தில் நாலு விரல்கடை கூடக் குறைய ஆனால் ஒருவன் வாழ்க்கை என்ன ஆகும் என்று அங்கேதான் புரியும்.

இன்னொன்று, உன்னைப் போன்ற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்: லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். நம் பக்கத்து ஆள், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கொரியப் போருக்கு இந்தியா 1950-இல் அனுப்பிய 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற போர்க்கள மருத்துவ யூனிட்டின் தலைவர். அந்த டிசம்பரில் பியாங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கினார்கள். இவர்களுக்கு வண்டி இல்லை. ஆபரேஷன் சாமான்களை விட்டுவிட்டு வா என்றபோது இவர் கேட்கவில்லை. கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகக் கைமாற்றித் தண்ணீர் ஊற்றி, சாமானோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த மார்ச் 23-ஆம் தேதி அமெரிக்கப் படையோடு முன்சான்-னியில் பாராசூட்டில் குதித்தது இவரது யூனிட்டின் சிறு குழு. ரங்கராஜுக்குப் போர்க்கள வீரத்துக்கான மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். சாமான் இல்லாத சர்ஜனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் கேடட்டாக இருந்தபோது இதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.


கோவில்பட்டி_கேடட்:

அய்யா, இரண்டு தடவை படித்தேன். அடுப்பில் கையைச் சூடாக்கியதை என் ரூம்மேட்டுக்கு இந்தியில் சொன்னேன், அவளும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். கேப்டன் அண்ணா, உங்களுக்கும் நன்றி.

இன்னொன்று கேட்கத் தயக்கமாக இருந்தது, கேட்டுவிடுகிறேன். போன லீவில் அம்மா, "கண் டாக்டர், தோல் டாக்டர் மாதிரி எடுத்துக்கோ, பொம்பளைப் பிள்ளைக்கு ராத்திரி பகல் பார்க்காத வேலை எதுக்கு" என்றாள். அம்மா மேல் கோபம் இல்லை. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.


கையுறை_ஆறு பதில்:

நான் ராணுவத்தில் ஜெனரல் சர்ஜன், லெப்டினன்ட் கர்னல். திருச்சிக்காரி. கையுறை அளவு ஆறு, அதனால்தான் இந்தப் பெயர்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். ஒரு தடவை புனேக்குக் கூட்டிக்கொண்டு வா. நீ ஓ.டி. உடுப்பில் வருவதை அவர்கள் பார்க்கட்டும். என் அம்மாவுக்கு நான் சொன்ன ஆயிரம் வார்த்தையில் ஏறாதது, ஒரு ஹவில்தாரின் மனைவி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் ஏறிவிட்டது.

கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பயிற்சிக் காலத்தில் ஒரு மூத்தவர் என்னிடம் எல்லோர் முன்னாலும், "பெண்ணுக்கு கைனக் (மகப்பேறு, பெண்கள் மருத்துவம்) இருக்கும்போது இங்கே ஏன் வந்தாய்" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் அவர் வருவதற்கு முன்னாலேயே ஓ.டி.க்குப் போய் நோயாளியைத் தயார் பண்ணி வைத்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்று மாதத்தில் அவரே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எதிர்ப்பக்கம் நிற்க வைத்தார். கைனக்கும் லேசான துறை இல்லை, அதுவும் கத்தி பிடிக்கிற துறைதான். நம் ராணுவத்தின் முதல் பெண் லெப்டினன்ட் ஜெனரல் புனிதா அரோரா மகப்பேறு மருத்துவர். உன் கல்லூரியில் படித்து, 2004-இல் அதற்கே கமாண்டன்ட் ஆனவர்.

பிள்ளை பெறுவது, கணவர் ஒரு ஊர் நான் ஒரு ஊர் என்று இருப்பது, இதெல்லாம் வரும். எனக்கு மகப்பேறு விடுப்பு எம்.எஸ். முடித்த மறுவருஷம் வந்தது. திரும்பி வந்த முதல் வாரம் கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்று நாலு குடலிறக்கம் செய்ய வைத்தார், சரியாகிவிட்டது. அந்த மாதிரி ஒரு ஆளைப் பார்த்து வைத்துக்கொள்.

யூனிட் பற்றிப் பயப்படாதே. 2023-இல் கேப்டன் பாத்திமா வசீம் சியாச்சினில் முன்னணி முகாமில் மருத்துவ அதிகாரியாக இருந்தார். நான் சேர்ந்த காலத்தில் அப்படி ஒன்றை யாரும் வாய்விட்டுக்கூடக் கேட்டதில்லை.

சின்ன விஷயம் ஒன்று: டேபிள் உனக்கு உயரமாக இருந்தால் ஏறி நிற்கக் கூச்சப்படாமல் ஒரு படி கேள். தோளைத் தூக்கியபடி மூன்று மணி நேரம் நின்றால் கழுத்து போய்விடும். என் கழுத்து போய்விட்டது.


மதுரை_சர்ஜன் பதில்:

நான் சிவில். அரசு ஆஸ்பத்திரி. தோழியோடு ஒப்பிட்டாயே, அதற்கு மட்டும் பதில்.

இன்டர்ன்ஷிப் முடிந்த கையோடு எல்லோருக்கும் எம்.எஸ். சீட் கிடைத்துவிடுவதில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் வேலைக்குப் போகாமல் படித்துக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டில் பாதிப் பி.ஜி. இடங்கள் அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்களுக்கு. நான் அப்படித்தான் வந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வருஷம், நாய்க்கடி ஊசியும் கர்ப்பிணிப் பரிசோதனையும் காய்ச்சல் முகாமும். அதற்கப்புறம்தான் எம்.எஸ். உனக்கு ஆர்.எம்.ஓ., எனக்கு பி.எச்.சி.

எங்களிடம் இருக்கிறது எண்ணிக்கை. நான்குவழிச் சாலை விபத்து, அரிவாள் வெட்டு, விஷம், குடல் ஓட்டை என்று ஒரு ராத்திரியில் வருகிறது உங்களுக்கு ஒரு மாதத்தில் வராது. ராணுவ எம்.எஸ். மாணவர்களுக்கு இந்தக் கூட்டம் கிடைக்காது என்பதுதான் உண்மையான குறை. இன்டர்ன்ஷிப்பிலோ பிறகோ பெரிய சிவில் ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் சில வாரம் நிற்க வழி இருந்தால் விடாதே.


மெட்ராஸ்_சாப்பர் பதில்:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். நான் டாக்டர் இல்லை. ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் நாயக்காக இருந்தவன். கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2002, ஆபரேஷன் பராக்ரம், எல்லையில் படையைக் குவித்திருந்த சமயம். ராஜஸ்தான் எல்லையில் புதைத்த கண்ணிவெடிகளைத் திருப்பி எடுக்கிற வேலை. என் இடது கால் போனது. சத்தம் எனக்கு ஞாபகமில்லை, மணல் வாயில் இருந்தது ஞாபகம் இருக்கிறது. எங்களோடு இருந்தவர் சின்ன வயசு கேப்டன் டாக்டர், வட இந்தியர். ஓடிவந்து ரத்தம் நிற்கத் தொடையில் ஒரு கட்டுப் போட்டு இறுக்கினார். இறுக்கிய நேரத்தை என் நெற்றியில் பேனாவால் எழுதினார். "கீழே பார்க்காதே, என் முகத்தைப் பார்" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸில் கூடவே வந்தார். அங்கே சர்ஜன் முழங்காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

முழங்கால் இருப்பதால் நான் மாடிப்படி ஏறுகிறேன். டி.வி.எஸ். 50 ஓட்டுகிறேன். புனே மையத்தில்தான் கால் செய்து கொடுத்தார்கள், தேய்ந்தால் போய் மாற்றிக்கொள்வேன். ஓய்வுபெற்ற சர்ஜன் சார் எழுதியிருக்கிற இடம்தான்.

ஆபரேஷன் செய்த சர்ஜனின் முகம் எனக்குத் தெரியாது, மயக்கத்தில் இருந்தேன். அந்தக் கேப்டனின் முகம் இன்றைக்கும் தெரியும். காய்ச்சல் மாத்திரை கொடுக்கிற வேலை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதனால்தான் சொல்கிறேன் தாயி. தப்பாக நினைக்க வேண்டாம்.


கோவில்பட்டி_கேடட்:

அண்ணே, தப்பாக நினைக்கவில்லை. அப்படி எழுதியிருக்கக் கூடாது. இன்றைக்குக் காலை பி.டி. முடிந்து வரும்போதுதான் படித்தேன், கிளாஸுக்குப் போக நேரமாகிவிட்டது.

செயற்கை அவயவ மையத்துக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். அம்மாவிடமும் தீபாவளிக்குப் பிறகு புனேக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஆச்சியும் வருவேன் என்கிறாள். சர்ஜன் அய்யா, ஒரே ஒரு கேள்வி. முடிச்சுப் பழக என்ன நூல், எப்படிப் பழக வேண்டும்? கட்டில் காலில் சணல் கட்டிப் பார்த்தேன், சரியாக வரவில்லை.


ஓய்வுபெற்ற_சர்ஜன்:

சணல் வேண்டாம், சொரசொரப்பில் எந்த முடிச்சும் நிற்கும், உனக்கு எதுவும் தெரியாது. ஓ.டி. சிஸ்டரிடம் காலாவதியான பட்டு நூல் கேள், 2-0 அளவு. மரியாதையாகக் கேட்டால் ஒரு கட்டே கொடுப்பார்கள். கையுறை போட்டுக்கொள், சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்துக்கொள். உள்ளே எல்லாம் வழுக்கத்தான் செய்யும்.

ஒரு எவர்சில்வர் டம்ளரின் அடியில் சின்னக் கொக்கி ஒன்றை ஒட்டு. டம்ளரை மேஜைமேல் வெறுமனே வை, இன்னொரு கையால் பிடிக்காதே. கொக்கியைச் சுற்றி நூலை விட்டு, ஆள்காட்டி விரல் நுனியால் முடிச்சைக் கீழே தள்ளிக்கொண்டு போய் இறுக்கு. டம்ளர் மேலே எழும்பினால் உள்ளே ரத்தக்குழாயைப் பிய்த்துவிட்டாய் என்று கணக்கு. எழும்பாமல் நூறு முடிச்சு வருகிற வரை வலது கை, அப்புறம் இடது கை. அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டு போடு.

ஆச்சி வரும்போது அவர்கள் கையிலும் நூலைக் கொடுத்துப் பார்.